ஏழாம் நம்பர் மாதிரி

மூலக்குளம், புதுச்சேரி
11.7.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கமலவேணி எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியமாக இருக்கிறோம். பம்பாயில் மழை பிடித்துவிட்டதா, உனக்கு இருமல் நின்றதா என்று அம்மா தினமும் என்னைக் கேட்கிறாள். எனக்கென்ன ஜோசியமா தெரியும். அவனையே கேட்டு எழுதுகிறேன் என்று சொல்லித்தான் இந்தக் கடிதத்தை எடுத்தேன்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது அண்ணா. நீ சொல்லி வைத்திருந்த தணிகாசலம் சார்தான் எடுத்தார். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் கம்பெனி. அறையிலும் பாத்ரூமிலும் மாட்டுகிற வாசனைக் கட்டி செய்கிறார்கள். அதற்கு வாசனைச் சரக்கு நீ வேலை பார்க்கிற இடத்திலிருந்துதானே வருகிறது, உனக்குத் தெரியாததில்லை. என் வேலை மோந்து பார்ப்பது. பக்கத்து வீட்டு முருகையன் மாமாவிடம் சொன்னேன். பிரெஞ்சுப் பட்டாளத்து சொல்தா பென்ஷன் வந்த நாள் அது, வாய் நீளம். "மூக்குக்கா சம்பளம் குடுக்குறான்? எம் மூக்கையும் இட்டுக்கினு போடி, சும்மாதான் கெடக்குது" என்றார்.

நீ சிரிக்காதே, இது லேசான வேலையில்லை. பலகையில் அடித்த ஆள் உயரக் கூண்டு ஒன்று இருக்கிறது. அதற்குள் தகர டப்பாவில் தேங்காய்த்திட்டிலிருந்து வருகிற மீன் தலை, இரண்டு நாள் அழுகினது. அதற்கு மேலே ஒரு கட்டியை மாட்டிக் கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து நான், கொளஞ்சி, ஆயம்மா அக்கா மூன்று பேரும் ஒவ்வொருவராகக் கூண்டுச் சன்னலில் தலையை விட்டு மூன்று மூச்சு இழுக்க வேண்டும். பிறகு தாளில் மார்க். பூஜ்யம் என்றால் மீன் நாறுகிறது. பத்துக்குப் பத்து என்றால் ஒன்றுமே தெரியவில்லை.

ஒரு மாதிரி முடிந்து அடுத்ததற்குப் போகுமுன் நம் சேலை முந்தானையை மோந்துகொள்ளச் சொல்கிறார் தணிகாசலம் சார். அப்போதுதான் மூக்கு பழைய நிலைக்கு வருமாம். என் நைலக்ஸ் சேலையில் என்ன இருக்கிறது மோந்து பார்க்க? அம்மாவின் பழைய நூல் சேலையில் ஒரு துண்டு கிழித்து இடுப்பில் செருகிக்கொண்டு போகிறேன். மஞ்சளும் வெற்றிலையுமாக அம்மா வாசனை. ஒரு இழுப்பு இழுத்தால் மூக்கு புதிதாகிவிடுகிறது.

அம்மாவுக்குச் செருப்பு வார் கடித்து வலது கால் கட்டை விரலோரம் ஒரு புண். சர்க்கரை உடம்பு, பாதத்தில் வலியும் தெரிவதில்லை, கண்ணும் மங்கல். துணிக் கட்டை அவிழ்த்துக் காட்டச் சொன்னால், "எங்காலு எனக்குத் தெரியாதா, நீ வேலையப் பாத்துக்கினு போடி" என்கிறாள். விடவில்லை, குனிந்து மூக்கை வைத்துப் பார்த்தேன். மஞ்சளும் வேப்பிலையும்தான், சீழ் வாசனை இல்லை. இது கம்பெனி மூக்கு, தப்பாது. நீ கவலைப்படாதே.

வேளைக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் தங்கை
கமலவேணி

*

குர்லா, பம்பாய்
25.7.1983

அன்புத் தங்கை கமலவேணிக்கு,

அண்ணன் பலராமன் எழுதுவது. உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு என் நமஸ்காரம். இருமல் நின்றுவிட்டது என்று சொல். மழை விடவில்லை, போட்ட சட்டை காய்வதில்லை.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்குப் பாதி பாரம் இறங்கியது. தணிகாசலம் சார் கண்டிப்பானவர், நேரத்துக்குப் போ.

என் பிழைப்பு பழையபடிதான். காலையிலிருந்து மாலை வரை தராசு முன்னால் நிற்கிறேன். கெமிஸ்டு எழுதிக் கொடுப்பதை நிறுத்துக் கொட்டிக் கலக்குகிறேன். எஸ்.எஸ்.எல்.சி. படித்தவனை அதற்கு மேல் விடமாட்டார்கள். ஆனால் இந்த வருஷம் ஒரு காரியம் நடந்திருக்கிறது. பெரியவர், எங்கள் முதலாளி, என்னையும் சொந்தமாக ஒரு கலவை போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டுவிட்டேன். அடுத்த மாதம் ஏழு மாதிரிகள் உங்கள் கம்பெனிக்கு வரும், அதில் ஒன்று என்னுடையது. எது என்று சொல்லமாட்டேன். சொன்னால் நீ தங்கச்சி மார்க் போட்டுவிடுவாய்.

இங்கே சாப்பாட்டில் எதிலும் ருசியில்லை. தண்ணீர் அப்படி. அம்மா கைக் குழம்பை நினைத்துக்கொண்டு விழுங்குகிறேன்.

அம்மா காலை அசட்டையாக விடாதே. வேறு விசேஷமில்லை.

ஆசிகளுடன்
அண்ணன் பலராமன்

*

மூலக்குளம்
2.9.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் நலத்துக்கு அம்மா வெள்ளிக்கிழமை தோறும் விளக்குப் போடுகிறாள். எங்களுக்கு ஒரு குறையுமில்லை.

மாதிரிகள் வந்தன. முதலாவது ரோஜா, ஆனால் கல்யாண வீட்டில் மறுநாள் காலை கிடக்கிற ரோஜா. இரண்டாவது எலுமிச்சை, மீனோடு சேர்ந்து குழம்பாகவே ஆகிவிட்டது. கொளஞ்சி, "சோறு போடு, சாப்பிட்டுடலாம்" என்றாள். மூன்றும் நான்கும் சோப்பு. ஐந்தில் எனக்குத் தலைவலி, ஆறில் ஆயம்மா அக்கா வாந்தி. ஏழாவதை மாட்டினதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அது வாசனையே இல்லை அண்ணா. லேசாகக் குளிர்ந்த மாதிரி இருந்தது. அவ்வளவுதான், மீன் போய்விட்டது. டப்பாவைத் திறந்தே காட்டினார்கள், புழு நெளிகிறது, நாற்றம் இல்லை. மூன்று பேரும் பத்துக்குப் பத்து போட்டோம். தணிகாசலம் சார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது உன்னுடையதுதானே? பொய் சொல்லாதே, எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். அழுதுவிட்டாள்.

இன்னொன்று. போன வாரம் அம்மா காலருகே உட்கார்ந்திருந்தபோது லேசாகப் புளித்த வாசனை வந்தது. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். உள்ளே சீழ் கோத்திருந்தது. கீறிவிட்டு மாத்திரை கொடுத்தார். "நல்ல நேரத்துல கொண்டாந்தம்மா, விட்டிருந்தா வெரல எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். கண்ணுக்குத் தெரியாததை மூக்கு சொன்னது. அம்மா இப்போது என்னை மூக்காயி என்று கூப்பிடுகிறாள்.

கமலவேணி

*

பம்பாய்
14.9.1983

அன்புத் தங்கைக்கு,

நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். நான் நலம், நலத்துக்கும் மேலே.

ஆமாம், ஏழு என்னுடையதுதான். உங்கள் மார்க் தாளைப் பெரியவர் மேஜை மேல் போட்டுக் கெமிஸ்டைக் கூப்பிட்டுக் காட்டினார். மூன்று வருஷமாக என்னை நிமிர்ந்து பார்க்காத அந்தக் கெமிஸ்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஆனால் கூண்டில் பார்த்தது போதாதாம். ஆள் புழங்குகிற வீட்டில், மூடின அறையில், ஆறு மாதம் மாட்டிப் பார்த்து எழுதித் தர வேண்டுமாம். அது தேறினால் கலவைப் பிரிவுக்கே நான் இன்சார்ஜ்.

நம் வீட்டை விட்டால் யார் வீடு? தணிகாசலம் சாரிடம் பேசியாகிவிட்டது. அம்மா கட்டில் தலைமாட்டில் ஒன்றை மாட்டு, தீரத் தீரப் புதிது கொடுப்பார்கள். சன்னலைச் சாத்தி வை. கட்டிலுக்கு அடியில் அந்த மீன் டப்பாவையும் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை மார்க் எழுது. பிள்ளை செய்த பொருள், அம்மாவுக்கும் சந்தோஷமாக இருக்கும்.

அம்மா கால் விஷயம் கேட்டு நிம்மதி. உன் மூக்கை நம்பித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

அண்ணன் பலராமன்

*

மூலக்குளம்
20.11.1983

அன்புள்ள அண்ணனுக்கு,

தீபாவளிக்கு வருவாய் என்று அம்மா எண்ணெய் காய்ச்சி வைத்திருந்தாள். வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? நாங்கள் இருக்கிறோம்.

நீ சொன்னபடி செய்கிறேன், கம்பெனிக் கூண்டிலும் இப்போது தினமும் ஏழுதான். வாரம் தவறாமல் பத்துக்குப் பத்து. அறைக்குள் எங்களுக்கு ஒன்றும் தெரிவதில்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் வாசற்படியிலேயே முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறார்கள். "என்னா கமலவேணி, கம்பெனிய ஊட்டுக்கே கொண்டாந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்று பேசிவிட்டுப் போகிறார்கள். நம் வீடு என்றால் மீன் நாற்றம் என்று தெருவில் முடிவாகிவிட்டது. உள்ளே வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள், போய்விடும் என்கிறேன். ஒருத்தரும் வரமாட்டேன் என்கிறார்கள். அம்மாவுக்குக் கோபம். "எம்புள்ள செஞ்ச வாசனைடி இது, இவளுங்களுக்கு என்னா தெரியும்" என்று கட்டியைத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள்.

முருகையன் மாமா மகள் பிரசவத்துக்குப் பிரான்ஸ் போயிருக்கிறார், வர மாசியாகும். போகும்போது பழைய கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அம்மாவுக்குக் கொடுத்தார். பனி ஆரம்பித்ததிலிருந்து அதைக் கழற்றுவதேயில்லை.

காப்பித் தூளில் ஏதோ கலக்கிறார்கள். வெந்நீர் குடிக்கிற மாதிரி இருக்கிறது. கடைக்காரனோடு சண்டை போட்டேன்.

அம்மா கால் ஆறிவிட்டது. நேற்றுக்கூடக் காலுறை மேலேயே குனிந்து மோந்து பார்த்தேன். மஞ்சள் இல்லை, சீழ் இல்லை, ஒரு வாசனையும் இல்லை. இனி டாக்டர் எதற்கு என்கிறாள். சரி என்றேன்.

கமலவேணி

*

பம்பாய்
19.12.1983

அன்புத் தங்கைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய வேண்டும். வேலை மும்முரத்தில் ஒரு மாதம் பேனா எடுக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

ஆறு மாதம் முடியக் காத்திராமல், உன் வார மார்க்கை வைத்தே பெரியவர் முடிவு செய்துவிட்டார், இந்த மாதம் முதல் நான் இன்சார்ஜ். வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள். போட்டோ எடுத்து அனுப்புகிறேன், அம்மா கையில் கொடு.

காப்பிக்காகக் கடையில் சண்டை போடாதே. அம்மாவை டாக்டரிடம் காட்டுவதானால் காட்டு. வேறில்லை.

அண்ணன்

*

மூலக்குளம்
10.1.1984

அன்புள்ள அண்ணனுக்கு,

போட்டோ வந்தது. அம்மா அதைக் கண்ணுக்கு மிக நெருக்கத்தில் வைத்துக் கோட்டைப் பார்த்தாள். அவளுக்கு இரண்டு நாளாக லேசாகக் காய்ச்சல், பனிதான். நான் சௌக்கியமில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

முந்தாநாள் பால் அடுப்பில் தீய்ந்து, பாத்திரம் கரியாகி, புகை கண்ணை எரித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அம்மா அறையிலேயே இருந்தாள், அவளுக்கும் தெரியவில்லை. உடனே அந்தச் சேலைத் துண்டை எடுத்து முகத்தில் அழுத்தினேன். ஒன்றுமில்லை அண்ணா. துணி. வெறும் துணி. கற்பூரம், மண்ணெண்ணெய், பெருங்காயம் எல்லாம் எடுத்து எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

கம்பெனியில் யாருக்கும் சொல்லவில்லை. ஆயம்மா அக்கா தாளை ஓரக்கண்ணால் பார்த்து மார்க் போட்டுக்கொண்டிருந்தேன். நேற்று சாப்பிடும்போது கொளஞ்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எனக்கு ரெண்டு மாசமா ஒண்ணும் தெரியலக்கா. ஒம் மூஞ்சியப் பாத்துதான் மார்க் போடுறன்" என்றாள். இரண்டு பேரும் ஆயம்மா அக்காவிடம் போனோம். அவள் சாப்பாட்டுத் தூக்கை மூடி வைத்தாள். பிறகு, "நீங்க சின்னப் பொண்ணுங்க, ஒங்களுக்குத் தெரியுதுன்னு நெனச்சி நான் எல்லாத்துக்கும் பத்து போட்டுக்கினு வரன்" என்றாள். மூன்று பேருக்கும் மூக்கு இல்லை அண்ணா. மூன்று பேரும் கையெழுத்துப் போட்ட தாள்கள் அங்கே கட்டுக் கட்டாக இருக்கின்றன.

இப்போது உன்னைக் கேட்கிறேன். ஏழில் என்ன போட்டிருக்கிறாய்? அது நாற்றத்தை எடுக்கிறதா, மூக்கை எடுக்கிறதா? போனது திரும்பி வருமா? கட்டியைக் கழற்றிவிடட்டுமா? உனக்குத் தெரிந்திருக்கும். மறு தபாலில் எழுது.

கமலவேணி

*

பம்பாய்
20.2.1984

அன்புத் தங்கைக்கு,

பொங்கல் வாழ்த்துக்கூடச் சொல்லாமல் விட்டேன். அம்மாவும் நீயும் நலமென நம்புகிறேன். டில்லியிலிருந்து பெரிய ஆர்டர் வருகிறது, தூக்கமில்லை.

உன் கடிதத்தைப் படித்தேன். பயப்படாதே. பனிக்காலத்தில் எல்லாருக்கும் மூக்கு அடைக்கும். நொச்சி இலை போட்டு ஆவி பிடி. தணிகாசலம் சாரிடம் இதையெல்லாம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்காதே, மூன்று பேர் வேலையும் போய்விடும். ஆறு மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள்தான். பங்குனி வரை கட்டி இருக்கட்டும். பிறகு கழற்றிவிடலாம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

மூலக்குளம்
5.3.1984

அண்ணா,

தந்தி கொடுத்திருக்கிறேன். அது வந்திருந்தாலும் வராவிட்டாலும் இதைப் பார்த்ததும் புறப்படு. அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை முருகையன் மாமா ஊரிலிருந்து வந்து இறங்கினார். பிஸ்கட் டின்னோடு அம்மாவைப் பார்க்க வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாடி செத்துக் கெடக்குது ஊட்ல?" என்றார். எல்லாரும் கேட்கிற கேள்விதானே. கம்பெனி மீன் டப்பா மாமா, உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். அவர் உள்ளே வந்து கட்டிலுக்கு அடியிலிருந்து டப்பாவை இழுத்தார். காலி அண்ணா. மீன்காரம்மா வரவில்லை என்று பத்து நாளுக்கு முன்னாலேயே கழுவிக் கவிழ்த்திருந்தேன். எனக்கு அது மறந்தே போயிருந்தது. அந்தப் பத்து நாளும் தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போனார்கள்.

"மீனு நாத்தம் எனக்குத் தெரியாதா? இது மனுச நாத்தம்டி. அல்ஜீரியா சண்டையில மோந்துருக்கன்" என்று சொல்லிக்கொண்டே அம்மா காலுறையைப் பிடித்து உருவினார். தோலும் கூட வந்தது. கணுக்கால் வரை கறுப்பு. அம்மா என்னைப் பார்த்து, "என்னாடி, என்னா ஆச்சி?" என்று கேட்கிறாள். அவளுக்கு வலியும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சல் ஏன் விடவில்லை என்று இத்தனை நாள் அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்கிறார் டாக்டர். "கூட இருக்கறவங்க யாருக்குமே நாத்தம் தெரியலையாம்மா?" என்று கேட்டார். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை.

அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வா.

கமலவேணி

*

மூலக்குளம்
16.4.1984

பலராமன் அவர்களுக்கு,

கமலவேணி எழுதுவது. நான் உயிரோடு இருக்கிறேன். அண்ணன் என்று எழுதக் கை வரவில்லை, இப்படியே போகட்டும்.

தந்தி கொடுத்த ஒன்பதாம் நாள் வந்து சேர்ந்தாய். அம்மாவை நீ வருவதற்கு முதல் நாளே சுடுகாட்டுக்கு எடுத்தாகிவிட்டது. டில்லி ஆர்டர் என்றாய். நான் காப்பி போடப் போனேன். ஆனால் நீ வந்த அன்றே ஒன்றைக் கவனித்தேன். அம்மா கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டிருந்தோம். பாய் சுருட்டி மூலையில் கிடந்தது, எரிக்க வேண்டியது. வந்த ஜனமெல்லாம் அந்த மூலைப் பக்கமே போகவில்லை. நீ அதன் மேல் உட்கார்ந்து காப்பி குடித்தாய்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். சாவு வீட்டில் மீன் கொண்டு வரக் கூடாது, தெரியும். காரியத்துக்கு முதல் நாள் கொளஞ்சியை விட்டுக் கம்பெனி டப்பாவில் அழுகின தலைகளைப் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, நீ உட்காருகிற பெஞ்சுக்கு அடியில் வைத்தேன். காலையிலிருந்து மத்தியானம் வரை அங்கேயே இருந்தாய். முருகையன் மாமா திண்டாடிப் போய் எழுந்து ஓடினார். நீ அவருக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டாய்.

கம்பெனியில் கற்றுக்கொடுத்த முறைப்படிதான் சோதித்தேன். தாளில் எழுதியும் வைத்திருக்கிறேன். உனக்கும் மூக்கு இல்லை.

தணிகாசலம் சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழாம் நம்பர் டில்லிக்குப் போக ஆரம்பித்துவிட்டதாம். "தாள்ல இருக்கறது ஒன் கையெழுத்துதானம்மா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டேன். கொளஞ்சியும் ஆயம்மா அக்காவும் இன்னும் போகிறார்கள். புதிதாக இரண்டு பெண்களை எடுத்திருக்கிறார்கள்.

எனக்கு ஒரு பதில்தான் வேண்டும். உனக்கு எப்போது போயிற்று? நாள் தெரியாவிட்டால் மாதத்தையாவது எழுது.

கமலவேணி

*

பம்பாய்
30.4.1984

கமலவேணிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

போன வருஷம் ஜூன் மாதம் போயிற்று. ஏழைக் கலக்கிக்கொண்டிருந்த சமயம். நீ வேலையில் சேருவதற்கு முன்னால். கலக்குகிறவனுக்குத்தான் அளவு அதிகம், கட்டியாக்கின பிறகு யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. தானாகத் திரும்பி வந்துவிடும் என்று ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து ஊதுவத்தியை மோந்து பார்ப்பேன். இன்றைக்கும் பார்த்தேன்.

நீ நவம்பரில் எழுதினாயே, அம்மா கால் ஆறிவிட்டது, ஒரு வாசனையும் இல்லை என்று. ஆறின காலிலும் மஞ்சள் வாசனை இருக்கும் கமலா. அதைப் படித்த உடனேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றே ஒரு இன்லாண்டு எடுத்து, கட்டியைக் கழற்று, சன்னலைத் திற, காலுறையைக் கழற்றிக் கண்ணால் பார் என்று எழுதினேன். ஒட்டியும் விட்டேன். மறுநாள் காலை பெரியவர் கூப்பிட்டு இன்சார்ஜ் என்றார். சாயங்காலம் போடலாம் என்று சட்டைப் பையில் வைத்தேன். பிறகு பெட்டியில் வைத்தேன். அது இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.

நீ என்ன சொன்னாலும் தகும்.

பலராமன்

*

மூலக்குளம்
14.5.1984

பலராமன் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நவம்பர், டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. விரல் விட்டுப் பார்த்தேன். அந்தக் கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம்.

என்னைக் கமலா என்று எழுதியிருந்தீர்கள். அப்படி அம்மாதான் கூப்பிடுவாள்.

உங்கள் மேல் மட்டும் பாரத்தைப் போட்டுவிட்டு நான் ஒதுங்கப் போவதில்லை. ஜனவரியில் என் மூக்கு போனது எனக்குத் தெரியும். அதே மூக்கால்தான் அம்மா காலைப் பார்த்தேன் என்பது என் புத்தியில் தட்டவில்லை. வேலை போய்விடுமே என்கிற பயத்தில் ஆயம்மா அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலுறையை ஒரு தரம் கழற்றியிருந்தால் போதும். அதற்கு மூக்கு வேண்டாம், கை போதும்.

இத்துடன் பாலிதீன் காகிதத்தில் சுற்றி ஒரு பொருள் அனுப்பியிருக்கிறேன். நான் இடுப்பில் செருகிக்கொண்டு போவேனே, அந்த அம்மா சேலைத் துண்டு. முருகையன் மாமாவிடம் கொடுத்து மோந்து சொல்லச் சொன்னேன். அவர் முகத்தில் வைத்த துணியை ரொம்ப நேரம் விலக்கவில்லை. "ஒங்கம்மாதாண்டி. மஞ்சளு, வெத்தல. இன்னும் போவல. கொஞ்ச நாளைக்கு இருக்கும்" என்றார். அது போவதற்குள் இரண்டாகக் கிழித்துப் பாதியை நான் வைத்துக்கொண்டேன், பாதி உங்களுக்கு.

இத்தனை மாதமாக நீங்கள் அனுப்பின மாதிரிகளை நான் மோந்து எழுதினேன். இது நான் அனுப்புகிற மாதிரி. கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மூச்சு இழுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டால் பத்து என்கிற கம்பெனிக் கணக்குப்படி மார்க் போட்டுக் கையெழுத்து வைத்து மறு தபாலில் அனுப்புங்கள். பார்த்து எழுத உங்கள் பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள், என் பக்கத்திலும் இல்லை.

என் தாளில் நான் போட்டுவிட்டேன். பத்துக்குப் பத்து.

கமலவேணி